மீனின் இருதயமும் பிராணவாயுவும்

நீரிலே பிறந்து நீரிலே வளரும் மீனுக்கு ஒரு குறையும் இல்லையென்று நாம் எண்ணுவது இயல்பு. வெயில் அதனைச் சுடுவதில்லை. தாகம் அதனை வருத்துவதில்லை. ஆயினும், உயிர் வாழ்தற்கு இன்றியமையாத பிராணவாயுவைப் பொறுத்தமட்டில், நிலத்தில் வாழும் நாமே செல்வர், மீன் வறியது. நாம் உட்கொள்ளும் காற்றில் லிட்டர் ஒன்றுக்குச் சுமார் 210 மில்லிலிட்டர் பிராணவாயு உண்டு. 20 பாகை செண்டிகிரேட் வெப்பமுள்ள நன்னீரிலோ, காற்றோடு நன்கு கலந்த நிலையிலும், லிட்டர் ஒன்றுக்குச் சுமார் 9 மில்லிகிராமே கரைந்து நிற்கும். அதனைக் கொள்ளளவாகக் கணக்கிடின் ஏறக்குறைய ஆறரை மில்லிலிட்டர் ஆகும். அஃதாவது, காற்றிலுள்ளதில் முப்பதில் ஒரு பங்கு. இச்சிறு பொருளைப் பெறும்பொருட்டுக் காற்றினும் சுமார் 800 மடங்கு கனமுள்ள நீரை மீன் இடையறாது வாயால் ஏற்றுச் செவுள் வழியாக வெளியேற்றுதல் வேண்டும்.

இன்னும் ஒரு துன்பம் உண்டு. நீர் வெம்மையுற வெம்மையுற அதிற் கரைந்து நிற்கும் பிராணவாயு குறைகின்றது. உறையும் நிலையிலுள்ள நன்னீரில் லிட்டருக்குச் சுமார் பதினாலரை மில்லிகிராம் இருக்க, 30 பாகை நீரில் ஏழரை மில்லிகிராமே இருக்கும். மீனோ வெம்மையில் மிகுதியான பிராணவாயுவை வேண்டுவது. மீனின் உடல் வெப்பம் பெரும்பாலும் நீரின் வெப்பத்தையே ஒத்திருத்தலின், நீர் சூடேறும்போது அதன் உடலினுள் நிகழும் தொழில்களெல்லாம் விரைவடைகின்றன. வரவு குறையுங் காலத்திலேதான் செலவு பெருகுகின்றது. இந்நெருக்கடியில் மீனின் இருதயம் செய்வது யாது? அதன் நீந்தும் ஆற்றலுக்கு எல்லை எவ்விடத்தில் அமைகின்றது? இவ்விரு வினாக்களுக்கும் அறிஞர் கண்டுள்ள விடைகளை எம்மால் இயன்றவரை தமிழில் தொகுத்துரைக்க முயல்கின்றோம். இலக்கியம் பயிலும் எமக்கு உடலியலில் என்ன வேலையென்று சிலர் வினவக்கூடும். நாம் பயிலும் மொழி நம் அறிவு செல்லும் இடமெல்லாம் உடன்வரல் வேண்டும் என்பதே எமது விடை.

இருதயத்தின் அமைப்பு

இரத்தம் உடலெங்கும் சுற்றி வருகின்றது என்னும் உண்மையை 1628-ஆம் ஆண்டில் நூல்வாயிலாக நிறுவியவர் வில்லியம் ஹார்வி என்னும் ஆங்கில மருத்துவர். அவர் மனிதனையும் விலங்கையும் மட்டுமன்றி மீன் முதலிய எளிய பிராணிகளின் இருதயத்தையும் ஆராய்ந்தே தம் கொள்கையை நிலைநாட்டினார். மீனின் இருதயம் நமது இருதயத்தினும் எளியது. நமது இருதயம் இரண்டு இறைகருவிகளை ஒன்றாய்ப் பிணைத்தாற் போன்றது. ஒன்று இரத்தத்தை நுரையீரலுக்குச் செலுத்தும், மற்றொன்று நுரையீரலினின்று மீண்ட இரத்தத்தை உடலெங்கும் செலுத்தும். மீனுக்கோ ஒரே இறைகருவிதான் உண்டு. நம் நாட்டுக் குளத்து மீன்களைப் போன்ற எலும்பு மீன்களில், இரத்தம் முதலில் வந்து சேரும் பை, அதனை அடுத்த மேலறை, தடித்த சுவருடைய கீழறை, நெகிழ்ந்து விரியும் குமிழ் என நான்கு பகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாய் வரிசையில் அமைந்துள்ளன. கீழறை சுருங்கும்போது இரத்தம் குமிழின் வழியே செவுளுக்குச் செல்லும். ஆண்டுப் பிராணவாயுவைப் பெற்று, இருதயத்திற்குத் திரும்பாமலே, மூளை, குடல், தசை ஆகிய உறுப்புக்களுக்கு நேரே சென்று, அவற்றுக்கு வேண்டுவனவற்றை ஈந்து, ஈற்றில் வெறுங்கையாய் இருதயத்தை வந்தடையும்.

ஈண்டு ஒரு வியப்பைக் காண்க. இருதயமும் ஒரு தசையே. ஓய்வின்றி உழைக்கும் தசையாகலின் அதற்குப் பிராணவாயு இடையறாது வேண்டும். நமது உடலில், நுரையீரலினின்று மீண்ட தூய இரத்தம் பெருந்தமனியை விட்டுப் புறப்படும்போது முதற்கிளையாகப் பிரிவது இருதயத்தையே போஷிக்கும் கரோனரித் தமனிகளாகும். பந்தியில் முதல் இலை இருதயத்திற்கே இடப்படுகின்றது. மீனின் உடலிலோ இருதயம் கடைசிப் பந்தியில் அமர்கின்றது. வீட்டார் அனைவர்க்கும் சோறிட்டு, விருந்தினர்க்கும் இட்டு, பின்னர்ப் பானையின் அடியில் எஞ்சியதை உண்ணும் தாயைப் போல, உடல் முழுவதற்கும் பிராணவாயுவை அனுப்பிவிட்டு அவை உண்டொழிந்த மிச்சிலையே மீனின் இருதயம் பெறுகின்றது.

இம்மிச்சிலை அஃது எங்ஙனம் உண்கின்றது எனின், கீழறையின் உட்புறம் கடற்பஞ்சு போன்று துளைகள் நிறைந்த தசையால் ஆகியது. அத்துளைகளினூடே பாயும் இரத்தத்திலிருந்து பிராணவாயு தசைக்குள் ஊடுருவிச் செல்கின்றது. மெல்ல நீந்தி வாழும் மீன்கள் பலவற்றுக்கு இவ்வகைத் தசையே முழுதும் போதும். சால்மன், சூரை முதலாய் விரைந்து நீந்தும் இனங்களில் இப்பஞ்சுத் தசையின் மேல் செறிந்த தசையால் ஆன புறப்போர்வை ஒன்றும் உண்டு. அதற்கெனச் செவுளினின்று நேரே பிராணவாயு நிறைந்த இரத்தத்தைக் கொண்டுவரும் கரோனரிக் குழாய்களும் அமைந்துள்ளன. மிக்க உழைப்பாளியாகிய இருதயத்துக்குத் தனியே ஒரு கலம் சோறு ஒதுக்கி வைத்தது போன்றது இவ்வமைப்பு. எனினும், இவற்றிலும் உட்பகுதி மிச்சிலை நம்பியே வாழ்கின்றது என்பதை மறத்தலாகாது.

வாயு குறைந்தபோது இருதயம் செய்வது

மலையுச்சிக்கு ஏறும் மனிதனின் இருதயம் விரைந்து துடிக்கின்றது. காற்றிலுள்ள பிராணவாயு குறைதலின், இரத்தத்தை அடிக்கடி சுற்றுவித்துக் குறையை ஈடுசெய்ய உடல் முயல்கின்றது. மீனும் இவ்வாறே செய்யும் என நாம் எதிர்பார்ப்போம். நிகழ்வதோ இதற்கு மறுதலை. நீரிற் பிராணவாயு ஓர் அளவுக்குக் கீழே இறங்கியவுடன் பெரும்பாலான மீன்களின் இருதயம் துடிப்பை மெதுவாக்கிக்கொள்கின்றது. 1967-ஆம் ஆண்டில் கனடா நாட்டுப் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் ஹோல்ட்டன், ராண்டல் என்னும் இருவர் வானவில் டிரவுட் என்னும் மீனைக்கொண்டு இதனைத் தெளிவாகக் காட்டினர். நீரில் வாயு குறையவே, மீன் செவுளின் வழியே நீரை முன்னினும் மிகுதியாய் இறைத்தது. இருதயமோ தணிந்து துடித்தது. இத்தணிவை உண்டாக்கும் செய்தி புறப்படும் இடம் செவுளின் முதல் வளைவே என்பதை ஸ்மித், ஜோன்ஸ் ஆகியோர் 1978-இல் டிரவுட் மீனிற் கண்டனர். ஆண்டுள்ள உணர்கருவிகள் நீரின் வறுமையை அறிந்து மூளைக்கு உணர்த்த, மூளை வேகஸ் என்னும் நரம்பின் வழியாக இருதயத்திற்குக் கடிவாளம் இடுகின்றது. அந்நரம்பின் ஆணையைத் தடுக்கும் அட்ரோபின் என்னும் மருந்தைச் செலுத்தின் இத்தணிவு மறைந்துபோம்.

ஆபத்து வேளையில் இறைகருவியை மெதுவாக்குவதனால் வரும் பயன் யாது? துடிப்பு மெதுவாயின் செவுளில் வாயுவை ஏற்பது எளிதாகும் எனப் பலர் முதலிற் கருதினர். ஆனால் தணிவை மருந்தால் தடுத்த சோதனைகள் சிலவற்றில் செவுளின் தொழில் குறிப்பிடத்தக்க குறைவு எய்தவில்லை. ஆகவே ஆராய்ச்சியாளரின் நோக்கம் இருதயத்தின்மேலேயே திரும்பிற்று. 2007-ஆம் ஆண்டில் டோனி பாரெல் என்னும் அறிஞர் இவ்விஷயத்தைத் தொகுத்தாராய்ந்து, இத்தணிவு இருதயம் தன்னைத்தான் காத்துக்கொள்ளும் வழியாகலாம் என எடுத்துக்காட்டினார். அவர் கூறிய காரணங்களிற் சிறந்தவற்றை இங்கே தருகின்றோம்.

முதலாவது, இரு துடிப்புக்களுக்கு இடையேயுள்ள ஓய்வு நேரம் நீளுதலால், இருதயத்தினுள் வந்த இரத்தம் ஆண்டு நெடிது தங்குகின்றது. அதிலுள்ள சிறிதளவு பிராணவாயுவும் தசைக்குள் ஊடுருவிச் செல்லக் காலம் கிடைக்கின்றது. இரண்டாவது, ஓய்வு நீளவே அறைகள் நன்கு நிரம்பி விரிகின்றன. விரிந்த சுவர் மெலிதாகலின் வாயு கடக்கவேண்டிய தொலைவு குறைகின்றது. மூன்றாவது, கரோனரிக் குழாய்களில் இரத்தம் தடையின்றிப் பாய்வது தசை தளர்ந்திருக்கும் ஓய்வு வேளையிலேயே ஆகும். ஓய்வு நீண்டால் அப்பாய்ச்சலும் மிகும். நான்காவது, மீனின் இருதயத்தசை மெதுவாய்த் துடிக்கும்போது ஒவ்வொரு சுருக்கத்திலும் மிகுந்த வலிமை காட்டுவது.

துடிப்புக் குறைந்தால் உடலுக்குச் செல்லும் இரத்தமும் குறையாதோ எனின், பல மீன்களில் அவ்வாறு பெரிதும் குறைவதில்லை. இருதயத்தசை எவ்வளவு விரிகின்றதோ அவ்வளவு வலிமையுடன் சுருங்கும் என்பது ஓட்டோ பிராங்க், எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்னும் இருவர் பெயரால் வழங்கும் விதி. மீனின் இருதயம் இவ்விதிக்கு மிக நன்றாய்க் கீழ்ப்படிவது. ஆகலின் துடிப்பின் எண்ணிக்கை குறைந்தாலும் ஒரு துடிப்பில் வெளியேறும் இரத்தம் மிகுந்து ஓரளவு ஈடுசெய்கின்றது. வறட்சிக் காலத்து உழவன் ஏற்றத்தை மெதுவாய் இறைத்தாலும் சாலை நிரம்ப மொண்டு இறைப்பது போன்றது இது.

உழைப்பும் அதன் எல்லையும்

இனி, ஓய்ந்து நிற்கும் மீனை விட்டு உழைக்கும் மீனிடம் வருவோம். டொரான்டோ நகரப் பேராசிரியராய் விளங்கிய பிரை என்பவர் 1947-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், மீன் ஓய்வில் உட்கொள்ளும் பிராணவாயுவுக்கும் முழு முயற்சியில் உட்கொள்ளும் பிராணவாயுவுக்கும் உள்ள வேற்றுமையே அதன் செயலுக்குரிய இடம் என வரையறுத்தார். ஒரு குடும்பத்தின் மொத்த வருவாயிலிருந்து அன்றாடச் சோற்றுச் செலவைக் கழித்து நின்ற பணமே பயணத்துக்கும் கல்விக்கும் உதவுவது போல, உயிரோடிருத்தற்கு வேண்டிய வாயு போக எஞ்சியதே நீந்துதற்கும் வளர்தற்கும் இனம்பெருக்குதற்கும் மீனுக்கு உதவும். வெப்பம் மீனின் வாழ்க்கையின் வேகத்தை ஆள்வது. பிராணவாயுவோ அவ்வேகத்துக்கு மேலெல்லை கட்டுவது. இது பிரை காட்டிய பாகுபாடு.

இக்கருத்தை அளந்து காட்டியவர் பிரெட் என்னும் கனடா நாட்டு அறிஞர். அவர் 1964-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் குழாய் போன்ற ஒரு நீரோட்டக் கருவியைக் கையாண்டார். மீன் நீரோட்டத்தை எதிர்த்து நீந்தி ஓரிடத்திலேயே நிற்கும். நீரின் வேகத்தைக் குறித்த காலத்துக்கு ஒரு முறை படிப்படியாய் உயர்த்துவர். மீன் தளர்ந்து பின்னடையும் வேகமே அதன் நீந்தும் ஆற்றலின் அளவு. இளஞ் சாக்கை சால்மன்கள் 15 பாகையை ஒட்டிய வெப்பத்திலேயே மிகுந்த செயலிடம் உடையன என அவர் கண்டார். அதனினும் வெம்மை மிக்க நீரில் ஓய்வுச் செலவு ஏறிக்கொண்டே செல்ல, முழுமுயற்சியின் வரவு அதற்கேற்ப ஏறாமையால், இடையேயுள்ள இடம் சுருங்கிற்று.

உழைக்கும் மீனின் உள்ளே நிகழ்வது யாது? 1977-ஆம் ஆண்டில் கிசெனியக், ஜோன்ஸ் என்னும் இருவர் நீந்தும் டிரவுட் மீன்களில் இதனை அளந்தனர். ஓய்வில் நிமிடத்துக்குச் சுமார் 38 ஆக இருந்த துடிப்பு, முழுமுயற்சியிற் சுமார் 51 ஆகவே உயர்ந்தது. ஆனால் ஒரு துடிப்பில் வெளியேறும் இரத்தம் இரண்டு மடங்குக்கு மேலாயிற்று. இரண்டும் சேர்ந்து நிமிடத்துக்குச் செல்லும் இரத்தம் ஏறக்குறைய மூன்று மடங்கு ஆயிற்று. உடல் ஏற்ற பிராணவாயுவோ அதனினும் பன்மடங்கு மிகுந்தது. மூன்று மடங்கு இரத்தம் அதனினும் மிக்க வாயுவை எங்ஙனம் ஈந்தது? தசைகள் இரத்தத்திலிருந்த வாயுவை ஏறக்குறைய முழுவதும் உறிஞ்சிக்கொண்டன என்பதே விடை.

இவ்விடத்திலேதான் முன் சொன்ன தாயின் உவமை தன் முழுப்பொருளையும் காட்டுகின்றது. விருந்து நாளில் வேலையும் மிகுதி, உண்போரும் மிகுதி. ஆகவே அவளுக்கு எஞ்சுவது மற்றை நாளினும் குறைவு. மீன் முழுவலியுடன் நீந்தும்போது இருதயம் மும்மடங்கு உழைக்கின்றது. அப்போதே அதற்குத் திரும்பி வரும் இரத்தம் மிக வறிதாகின்றது. அவ்விரத்தத்தின் வாயு ஓர் அளவுக்குக் கீழே சென்றால் இருதயத்தின் உட்தசை தளரும். அது தளர்ந்தால் உடல் முழுவதும் தளரும். ஆகவே, மீனின் ஓட்டத்துக்கு எல்லை கட்டுவது வாலின் வலிமை மட்டுமன்று. இருதயத்துக்கென எஞ்சும் பிராணவாயுவும் ஆகும். கரோனரிக் குழாயின் பயனையும் ஒரு சோதனையால் அறியலாம். 1987-இல் பாரெல், ஸ்டெபென்சன் என்னும் இருவர் சினூக் சால்மன்களில் அக்குழாயைக் கட்டிவிட்டு நீந்தச் செய்தனர். மீன்கள் நீந்தின, ஆனால் அவை தாக்குப்பிடித்த வேகம் குறைந்துபோயிற்று.

வாயு போதாத நிலையிலும் மீன் சிறிது நேரம் பாய்ந்தோட வல்லது. மீனின் உடலிற் பெரும்பகுதியாகிய வெண்தசை பிராணவாயு இன்றியே சிறிது காலம் உழைக்கும். ஆனால் அது கடன் வாங்கி நடத்தும் வாழ்க்கை. பின்னர் ஓய்ந்து நின்று, மிகுந்த வாயுவை உட்கொண்டு அக்கடனைத் தீர்த்தல் வேண்டும். நெடுந்தூரம் செல்வதற்கு உதவுவது பிராணவாயுவோடு உழைக்கும் செந்தசையே.

பிரேசர் ஆற்றின் சால்மன்கள்

இக்கொள்கைகள் ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடுவன அல்ல. கனடாவின் மேற்குப் பகுதியிற் பாயும் பிரேசர் ஆறு சுமார் 1,375 கிலோமீட்டர் நீளமுடையது. அவ்வாற்றின் கிளைகளிற் பிறக்கும் சாக்கை சால்மன்கள் கடலுக்குச் சென்று வளர்ந்து, முட்டையிடும் பொருட்டுத் தாம் பிறந்த ஓடையையே நாடி மீளும். ஆற்றுக்குள் நுழைந்தபின் அவை உணவு கொள்வதில்லை. உடலிற் சேமித்த கொழுப்பே கட்டுச்சோறு. எதிர்நீச்சலிட்டு ஊரை அடைந்து முட்டையிட்டு மாண்டுபோம். வாழ்நாளில் ஒரே முறை செய்யும் பயணமாகலின், வழியில் இருதயம் தளர்ந்தால் அம்மீனின் சந்ததி அத்துடன் அற்றுப்போம்.

வழியும் எளிதன்று. ‘நரக வாயில்’ எனப் பொருள்படும் பெயருடைய மலையிடுக்கில் ஆறு சுமார் 35 மீட்டர் அகலத்துக்கு ஒடுங்கிப் பெருவேகத்துடன் பாய்கின்றது. 1914-இல் இருப்புப்பாதை வேலையின்போது ஆண்டுப் பாறை சரிந்து மீன்களின் வழியை அடைத்தது. பின்னர் 1945, 1946 ஆகிய ஆண்டுகளில் மீன்கள் ஏறிச் செல்லுதற்கு வழிக்கால்கள் கட்டப்பட்டன. மனிதன் ஒரு நாளிற் செய்த தீங்கை நீக்க முப்பது ஆண்டுகள் கழிந்தன என்பது எண்ணத்தக்கது.

2011-ஆம் ஆண்டில் எரிகா எலியசன் என்னும் அம்மையாரும் அவருடன் உழைத்த பிறரும் இவ்வாற்றின் சால்மன் குலங்கள் பலவற்றை ஒப்பிட்டு ஆராய்ந்தனர். சில்கோ ஏரியை நாடிச் செல்லும் குலம் 600 கிலோமீட்டருக்கு மேல் நீந்தி, கடல் மட்டத்துக்கு 1,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தை அடைய வேண்டும். வீவர் ஓடைக்குச் செல்லும் குலத்துக்கோ வழி சுமார் 100 கிலோமீட்டரே. ஆராய்ச்சியின் முடிவு யாதெனின், கடுமையான வழியையுடைய குலங்களுக்குச் செயலிடம் மிகுதி; இருதயம் பெரிது; கரோனரிக் குழாய்களின் ஊட்டமும் சிறந்தது. அன்றியும், ஒவ்வொரு குலமும் தன் மூதாதையர் பயணஞ்செய்த காலத்தில் ஆற்றில் வழக்கமாய் இருந்த வெப்பத்துக்கே பொருந்திய இருதயம் பெற்றிருந்தது. ஒரே இனம், ஒரே ஆறு. ஆயினும் ஊருக்கு ஓர் இருதயம்.

இதனால் விளையும் அச்சமும் உண்டு. 1950-ஐ அடுத்த ஆண்டுகளை நோக்க, பிரேசர் ஆற்றின் கோடை வெப்பம் சுமார் 2 பாகை உயர்ந்துள்ளது. இரண்டு பாகை நமக்கு அற்பமாய்த் தோன்றும். ஆனால் தனக்கு உகந்த வெப்பத்தின் விளிம்பிலேயே நீந்தும் மீனுக்கு அது பெரிது. நீர் சூடேறச் சூடேற இருதயம் விரைந்து துடிக்கின்றது. துடிப்பு ஏறினும் ஒரு துடிப்பில் வெளியேறும் இரத்தம் மிகுவதில்லை. ஓர் எல்லைக்குப்பின் துடிப்பும் ஏறமாட்டாது நின்றுவிடுகின்றது. தசையோ மேலும் மேலும் வாயுவைக் கேட்கின்றது. ஈற்றில் இருதயமே தளர்ந்து விழுதல் கூடும் என்பது அவ்வாராய்ச்சியாளரின் கருத்து. ஆறு மிக வெம்மையுற்றிருந்த 2004-ஆம் ஆண்டில் பெருந்தொகையான சாக்கை சால்மன்கள் ஊர் சேராமலே வழியில் மறைந்தன.

விதிவிலக்காய் நிற்பன

வறுமையை வெவ்வேறு வழியால் வென்ற மீன்களும் உண்டு. தென்துருவக் கடலில் வாழும் பனிமீன்களின் இரத்தத்தில் ஹீமோகுளோபின் என்னும் செந்நிறப்பொருளே இல்லை, அவ்விரத்தம் நிறமற்றது. நார்வே நாட்டு ரூட் என்னும் அறிஞர் 1954-இல் இதனை உலகுக்கு உறுதிப்படுத்தினார். உறைநிலையை ஒட்டிய அக்கடல் நீரில் பிராணவாயு மிகுதி. குளிரில் உடலின் தேவையும் குறைவு. ஆகவே வாயு இரத்த நீரிற் கரைந்து செல்வதே போதுமாயிற்று. ஆயினும் அதற்கு விலை உண்டு: பேரளவான இரத்தத்தை ஓயாது சுற்றுவிக்கும் பெரிய இருதயத்தை அவை சுமக்கின்றன. நீர் சிறிது சூடேறினும் தாங்கும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை.

ஐரோப்பாவின் குளங்களில் வாழும் குரூசியன் கெண்டையின் வழி வேறு. மாரியில் குளத்தின்மேற் பனிக்கட்டி மூட, நீரிற் பிராணவாயு முற்றும் அற்றுப்போகும். அந்நிலையில் அம்மீன் தன் உடலிற் சேரும் நச்சுக்கழிவைச் சாராயமாக மாற்றிச் செவுளின் வழியே வெளியேற்றுகின்றது. 2004-ஆம் ஆண்டில் வெளியான ஒரு சோதனையில், 8 பாகை நீரிற் பிராணவாயு சிறிதுமின்றி ஐந்து நாள் வைத்தபோதும் அதன் இருதயம் வழக்கமான அளவிலேயே இரத்தத்தைச் செலுத்திற்று எனக் கண்டனர்.

நமது நாட்டு நீர்நிலைகளில் மூன்றாவது வழியைக் காண்கின்றோம். கோடையில் வற்றிச் சேறாகும் குளத்திலும் விரால் வாழ்கின்றது. பனையேறிக் கெண்டை ஈரத்தரையில் ஊர்ந்து வேறு நீர் தேடுகின்றது. இவற்றின் தலையினுள், செவுளுக்கு மேலே, காற்றைத் தேக்கிவைக்கும் அறை உண்டு. மேலே வந்து காற்றை விழுங்காவிடின் பனையேறி நீரிலேயே மூச்சடைத்து இறந்துபோம். டேனியர் பணியிலிருந்த டால்டார்ப் என்பவர் 1791-ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் இம்மீன் பனைமரத்தில் ஏறக் கண்டதாக எழுதிய செய்தி 1797-இல் இலண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் வந்தது. மரம் ஏறுவது அதன் வழக்கமன்று எனப் பின்வந்தோர் கூறினும், நிலத்தில் ஊர்வது உண்மையே.

இம்மீன்களின் காற்றறையிற் பிராணவாயு பெற்ற இரத்தம் நேரே உடலுக்குச் செல்வதில்லை. சிரைகளிற் கலந்து முதலில் இருதயத்தையே வந்தடைகின்றது. செவுளை மட்டும் உடைய மீனில் கடைசிப் பந்தியில் இருந்த இருதயத்துக்கு இங்கே முதற் பந்தியிற் பங்கு கிடைக்கின்றது. இதனைக் கருதியே, ஆதி மீன்களில் நுரையீரல் தோன்றியதன் பயன் இருதயத்துக்குப் பிராணவாயு அளிப்பதாய் இருக்கலாம் எனக் காலின் பார்மர் என்னும் அம்மையார் 1997-இல் ஒரு கொள்கை வெளியிட்டார். அமெரிக்க நாட்டுக் காற்றுண்ணும் மீன்கள் சில, நீந்தி உழைக்கும்போது அடிக்கடி மேலே வந்து காற்றுண்கின்றன என்னும் காட்சி இக்கொள்கைக்குத் துணையாயிற்று.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், மீனின் ஆற்றல் அதன் இருதயத்தையும், இருதயத்தின் ஆற்றல் நீரிற் கரைந்த ஒரு சிறு பொருளையும் பற்றி நிற்றலைக் கண்டோம். இது நமக்கு வெறும் கதையன்று. நம் ஊர்க் குளங்களில் விடியற்காலையில் கெண்டை மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாய் பிளந்து நிற்பதைப் பலரும் கண்டிருக்கலாம். பகலில் பாசி வெயிலின் துணையால் பிராணவாயுவை வெளியிடுகின்றது. இரவிலோ பாசியும் மீனும் கிருமிகளும் ஒருங்கே அதனைச் செலவிடுகின்றன. ஆகவே விடியுமுன் நீர் மிக வறிதாகின்றது. கழிவுநீரும் குப்பையும் சேர்ந்த குளத்தில் அவற்றை அழுகச் செய்யும் கிருமிகள் பெருகுதலின் வறுமை இன்னும் கடியதாம். மேகமூடிய நாள்களுக்குப் பின் ஒரே இரவில் மீன்கள் கூட்டமாய் மடிந்து மிதத்தற்கு இதுவே பெரும்பாலும் காரணம். நஞ்சிட்டார் உளரோ எனத் தேடுமுன், நாமே நாள்தோறும் இட்ட கழிவை எண்ணிப் பார்த்தல் நலம்.

கழிவை நீரிற் கலவாதிருத்தல், கரையில் நிழல்தரும் மரங்களைக் காத்தல், நீர்வரத்தை அடையாதிருத்தல், மீன் வளர்ப்போர் இரவில் நீரைக் கலக்கிக் காற்றூட்டுதல் ஆகியன பெரும் பொருட்செலவு வேண்டாத அறங்கள். ஆறும் குளமும் வெம்மையுறாமற் காப்பதோ ஒரு நாட்டார் மட்டும் செய்து முடிக்கக்கூடிய காரியம் அன்று. ஆயினும் ஒவ்வொரு நாட்டாரும் தத்தம் பங்கைச் செய்யாமல் அது முடியாது. மீன் தன் குறையைச் சொல்ல வாயற்றது. வாயைப் பிளந்து நிற்பதே அதன் விண்ணப்பம். அவ்விண்ணப்பத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுதலும் கல்வியின் ஒரு பகுதியே என்று கூறி இவ்வியாசத்தை முடிக்கின்றோம்.